நெடுங்கேந்தலில் ஒரு வீட்டுக்கு மட்டும் பெய்த மழை

வைகாசிக் கடைசியில் சேதுபாண்டிக்கும் நாகஜோதிக்கும் கல்யாணம் நடந்தது. அதற்கு நான்காம் நாள் விடியற்காலையில், வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லாதபோது, நெடுங்கேந்தல் மேலத்தெருவில் அவர்கள் வீட்டின் மேல் மட்டும் மழை பெய்தது. மட்டும் என்ற சொல்லை இங்கே அதன் முழு எடையோடு படிக்க வேண்டும். அடுத்த வீட்டு இருளாயி தன் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த குண்டு மிளகாய்க்கும் அந்த வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒன்றரை முழ இடைவெளிதான் இருந்தது. முக்கால் மணி நேரம் பெய்தும் ஒரு மிளகாய்கூட ஈரமாகவில்லை. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் நனைந்திருந்தது, வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது, இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்துக் கட்டியதுபோல ஒரு கோடு இருந்தது.

வேறு நாடாக இருந்தால் இதற்குக் காரணம் தேடியிருப்பார்கள். ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஐப்பசிக்கு முன்னால் மழை பெய்தால் யாரும் அதை விசாரிப்பதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடினார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த மழைக்கு ஒரு வரிசையும், வரிசைக்கு ஒரு முறையும் வந்துவிட்டன: வீட்டுக்கு இரண்டு குடம், கைப்பிள்ளைக்காரிக்கு மூன்று, குழாயடியில் துணி துவைக்கக் கூடாது, சண்டை போடுகிறவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஊராட்சித் தலைவர் சண்முகவள்ளி கூரையின் தண்ணீர்த் துவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தித் தெருவுக்கு இறக்கினார். மழை அளக்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, நின்று, நனைந்து, இரண்டடி தள்ளி நின்று உலர்ந்து, தன்னிடமிருந்த படிவத்தில் ஒரு வீட்டுக்கென்று தனிக் கட்டம் இல்லாததால் எதையும் எழுதாமல், ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சேதுபாண்டிக்கு இருபத்தேழு வயது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்குவது அவன் வேலை. இரண்டு வருடமாக அந்தத் தொட்டியில் தண்ணீர் இல்லை, புறாக்கள்தான் இருந்தன. ஆனாலும் காலை ஆறரைக்கும் மாலை நான்கரைக்கும் அவன் போய் வால்வைத் திறந்து, பதினைந்து நிமிடம் நின்று, மூடிவிட்டு வருவான், ஏனென்றால் உத்தரவில் அப்படித்தான் இருந்தது. இதில் உவமை தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம். ஊர் தேடவில்லை, ஊருக்குத் தண்ணீர் தேடவே நேரம் சரியாக இருந்தது.

ஊர் தேடிக் கண்டுபிடித்தது வேறொன்று. கற்புள்ள பெண் நினைத்தால் வானம் பெய்யும் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய மொழி இது; அந்தச் செய்தியை எங்கே பொருத்துவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு அது இத்தனை காலம் காத்திருந்தது. புதுப்பெண் வந்த நான்காம் நாள் மழை என்றால் அது யாருடைய மழை என்பதில் எவருக்கும் ஐயம் வரவில்லை. நாகஜோதிக்குப் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்தார்கள். நிச்சயமான பெண்களை அழைத்துவந்து அவள் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். மாமியார் பஞ்சவர்ணம், பெண் பார்த்த அன்றே அந்த முகத்தில் ஈரத்தைப் பார்த்துவிட்டதாகக் கடைத்தெருவில் சொன்னாள்.

ஒரு தவறான கொள்கைக்குச் சான்றுகள் இவ்வளவு ஒழுங்காக வந்து சேர்ந்ததாக வரலாற்றில் அதிகம் இல்லை. மழை எல்லா நாளும் பெய்யவில்லை. மாதத்தில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் பெய்யாமலிருந்தது. தீட்டு என்றார்கள், கணக்குச் சரியாக இருந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார்கள்; அன்றோடு மழை நின்றது. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் ஆடியில் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்ற விதியை நெடுங்கேந்தல் எந்த வீட்டுக்கும் தளர்த்தியதில்லை. இப்போது பதினெட்டாம் பெருக்கன்று ஊரே ஒரு வேன் பிடித்து, முன்னால் மாலை கட்டி, அவளைப் பாதி ஆடியில் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு நாள் கழித்துப் பெய்தது. குடங்கள் நிறைந்தன.

உண்மை என்னவென்று ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்கள் இருவரும் ஒரே கட்டிலில் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். கணவனுக்குரிய காரியத்துக்குச் சேதுபாண்டியின் உடம்பு உரிய நேரத்தில் ஒத்துழைக்கவில்லை. முதல் நாள் ஒத்துழைக்கவில்லை, அது களைப்பு என்று இருவரும் நினைத்தார்கள். மூன்றாம் இரவும் அப்படியே ஆனபோது விடியலில் மழைச் சத்தம் கேட்டது. அதன்பின் எப்போதெல்லாம் அவன் முயன்று தோற்றானோ அப்போதெல்லாம் விடியலில் பெய்தது. தூங்குவதுபோல் நடித்த நாட்களில் பெய்யவில்லை. தோல்வி எவ்வளவு பெரியதோ அவ்வளவு தண்ணீர்.

அந்தத் தண்ணீரை வாங்க வரிசையில் நின்றவர்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் அவனைப் பார்த்து, “மகராசன், நல்ல பொண்ணாக் கொண்டுவந்த” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவனுடைய அவமானத்தை ஊரே சோறு வடிக்கவும் பல் துலக்கவும் பயன்படுத்துவதும், அவன் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்பதும் சாதாரணமான காரியம் இல்லை.

அவன் செய்ததை அந்த வயதில் பலரும் செய்கிறார்கள். மதிலில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜின் ஏழாம் நம்பர் அறையில் மாதம் ஒருமுறை உட்காரும் பரம்பரை வைத்தியர் ஒருவரைப் போய்ப் பார்த்தான். அவர் நாடியைப் பிடித்துவிட்டு, பள்ளிக்கூட வயதில் செய்த தப்பின் பலன் இது என்று கண்ணை மூடிச் சொன்னார். உலகத்தில் எந்த ஆணிடம் சொன்னாலும் பலிக்கக்கூடிய குறி அது. நாற்பத்தெட்டு நாளுக்கு ஒரு லேகியம் கொடுத்தார். லேகியத்தைத் தின்னத் தின்னச் சேதுபாண்டியின் பயம் மட்டும் நன்றாக வளர்ந்தது, அதற்கேற்ப மழையும்.

நாகஜோதி மருந்தாளுநர் படிப்பு படித்தவள். சாயல்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடையில் மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்து, இருமல் மிட்டாய் ஒன்று வாங்கி, பிறகு சத்தமில்லாமல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டும் இளைஞர்களை அவள் வாரத்துக்கு நாலைந்து பேராவது பார்ப்பாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வால்வ் அறைக்கு அவனுக்குக் காபி கொண்டுபோனவள், பழைய கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் அவன் ஒளித்துவைத்திருந்த லேகிய டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“வெல்லம், நெய், திப்பிலி” என்றாள். “இட்லிக்குத் தொட்டுக்கலாம்.”

அவன் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, அவள் தன்னை விட்டுப் போய்விடுவாளா என்று கேட்டான். மூன்று மாதமாகக் கேட்க நினைத்த கேள்வி என்பதால் அது சரியான இடத்தில் வந்து விழவில்லை. காபி ஆறுவதைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தது.

“போறதா இருந்தா ஆடியிலயே போயிருப்பேன். வேன்ல ஏறி வந்தேன்ல?” என்றாள் அவள். “டாக்டர்கிட்ட போவோம். காய்ச்சல் வந்தா போக மாட்டமா?”

“சரியாப் போச்சுன்னா மழை நின்னுருமே, நாகு.”

“நிக்கட்டும்.”

“நின்னா ஊரு என்ன சொல்லும்?”

அவள் டப்பாவை மூடினாள். அதுவரை இருவரும் யோசிக்காமலிருந்த இடம் அது. அவளுடைய கற்பால் பெய்கிற மழை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அந்த மழை நின்றால் எது போய்விட்டது என்று ஊர் சொல்லும் என்பதற்கு அதிகம் படித்திருக்கத் தேவையில்லை. அவனுக்குக் குணமானால் அவள் கெட்டுப்போனவள் ஆவாள். அவள் பெயர் நிலைக்க வேண்டுமானால் அவன் காலமெல்லாம் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

“முதல்ல டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ரஹ்மத்துல்லாவுக்குச் சேதுபாண்டியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மேசையில் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று பிரிந்து கிடந்தது. சேதுபாண்டி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான், மழையையும் சொன்னான். மழை தன் துறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டு, காலையில் தூங்கி எழும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்போது சரியாகத்தான் இருக்கிறது என்றான். தனியாக இருக்கும்போது? நாகஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

“அப்ப மோட்டாரும் நல்லாருக்கு, குழாயும் நல்லாருக்கு, தம்பி” என்றார் டாக்டர். “பயம்தான் வால்வ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

பயந்த உடம்பு ஓடுவதற்குத்தான் தயாராகும், இரத்தத்தைக் கைக்கும் காலுக்கும் அனுப்பிவிடும், மற்ற இடத்துக்கு அனுப்பாது என்று அவர் விளக்கினார். ஒருநாள் தோற்றவன் மறுநாள் தன்னைத் தானே பரீட்சைக்கு உட்கார வைக்கிறான், கட்டிலில் மனைவியோடு இல்லாமல் வாசலில் நின்று தன்னை வேடிக்கை பார்க்கிறான், மறுபடி தோற்கிறான். பள்ளிக்கூட வயதுப் பழக்கத்தால் யாருக்கும் எதுவும் கெட்டதில்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. சில இளைஞர்களுக்குச் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இதயக் கோளாறோ முதலில் இந்த வழியாகத்தான் தன் வரவைச் சொல்லி அனுப்பும், சிலருக்கு ஹார்மோன் குறைந்திருக்கும், சிலருக்கு வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்கும். ஆகவே கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தத்தில் குறை எதுவும் இல்லை. கொதிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது, உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். பின்னால் தேவைப்பட்டால் சிறிய அளவில் மாத்திரை தருவதாகவும், அதை நண்பன் சொன்னான் என்று யாரும் தானாக வாங்கித் தின்னக் கூடாது, நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவன் தொடவே கூடாது என்றும் சொன்னார். அதற்கு முன்னால் மூன்று வாரம் முயற்சியே செய்யக் கூடாது. பேசலாம், கையைப் பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், தொடலாம். அதற்கு மேல் எதுவும் தடை. தேர்வே இல்லாத பள்ளிக்கூடத்தில் யாரும் பெயிலாக முடியாது என்றார்.

முயற்சி இல்லாததால் தோல்வி இல்லை, தோல்வி இல்லாததால் மழை இல்லை. சிகிச்சையின் முதல் நாளே கூரை காய்ந்தது.

அந்த மூன்று வாரமும் அவர்கள் இருவருக்கும் நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமாகி நாலாவது மாதத்தில் அவள் முழங்கையில் ஒரு தழும்பு இருப்பதையும், சைக்கிளிலிருந்து விழுந்த கதையை அவள் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வதையும் அவன் கண்டுபிடித்தான். அவன் சிரித்தால் இடது கண் மட்டும் மூடுகிறது என்று அவள் கண்டுபிடித்தாள். ஊருக்கு அந்த மூன்று வாரம் நன்றாக இல்லை. ஐந்து நாள் பொறுத்தார்கள், அது வழக்கமான ஐந்து. ஒன்பதாம் நாள் குடங்கள் காலியாகத் திரும்பின. பன்னிரண்டாம் நாள், சாயல்குடி பஸ் நிறுத்தத்தில் மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவனோடு நாகஜோதி பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக டீக்கடை வேலுச்சாமி சொன்னான். பேசியது உண்மை, மாத்திரைப் பெட்டி ஒன்று உடைந்து வந்ததைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசினாள். பதினைந்தாம் நாள் அவள் வைத்த திருநீற்றை ஒருத்தி வாசலைத் தாண்டியதும் துடைத்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் மருமகளுக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. அன்று குடிநீர் பற்றிப் பேசி முடித்ததும் நாகஜோதி அம்மன் கோயிலில் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும் என்று தெருப் பெரியவர்கள் முடிவுசெய்து சொல்லியனுப்பினார்கள்.

“செய்றேன்” என்றாள் அவள் கணவனிடம். “பொய்ச் சத்தியமா? கற்போடதான் இருக்கேன். வேண்டியதுக்கு மேலயே இருக்கேன்.”

“நீ செஞ்ச பிறகும் பெய்யலைன்னா?”

சத்தியம் பண்ணியும் பெய்யாவிட்டால் பொய்ச் சத்தியம் என்பார்கள். பெய்ய வேண்டுமானால் அவன் டாக்டர் சொன்னதை மீறிப் போய்த் தோற்றுவிட்டு வர வேண்டும். அவன் அன்றிரவு அதையும் யோசித்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். தோற்பது அவனுக்குப் பழகிய வேலை. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

கிராம சபையில் தண்ணீர் வழங்கிய அறிக்கையைத் தொட்டி இயக்குபவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது நெடுங்கேந்தலின் வழக்கம். இரண்டு வருடமாக அந்த அறிக்கை ஒரே வரிதான். அன்று சேதுபாண்டி சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஒரு முழுத்தாள். ஆலமரத்தடியில் இருநூறு பேர் இருந்தார்கள்; நாகஜோதி பெண்கள் பக்கத்தில், தனியாக, மூன்று கை இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பேச்சுத்தமிழில் சொல்லியிருந்தால் பாதியில் குரல் போயிருக்கும். அறிக்கைத் தமிழ் அவனைத் தாங்கிப் பிடித்தது.

“குடிநீர் வழங்கல் அறிக்கை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வழங்கப்பட்ட நீர்: இல்லை. இயக்குபவரின் வீட்டுக் கூரையிலிருந்து வழங்கப்பட்ட நீர்: முப்பத்தோரு நாட்கள். மேற்படி மழை இயக்குபவரின் மனைவியுடைய கற்பினால் பெய்ததாகக் கருதப்பட்டு வருகிறது. அது தவறு. மேற்படி இயக்குபவர் திருமணத்தின் மூன்றாம் இரவு முதல் கணவனுக்குரிய காரியத்தில் முயன்று, இயலாமல் போன ஒவ்வொரு முறையும் மறுநாள் விடியலில் மழை பெய்தது. இது ஒரு நோய். இதற்கு மருத்துவம் உண்டு. மருத்துவரின் சொற்படி இருபது நாட்களாக முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால் மழையும் நின்றிருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு இந்த ஆதாரத்திலிருந்து நீரை எதிர்பார்க்க வேண்டாம். இதில் நாகஜோதி மீது எந்தக் குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் உட்காராமல் நின்றான். பிறகு வேலுச்சாமி தொண்டையைச் செருமினான்.

“அப்ப இம்புட்டு நாளும் நாம குடிச்சது…”

“குடிச்சேல்ல? இனிச்சுச்சுல்ல? பொத்திக்கிட்டு இரு” என்றாள் இருளாயி.

வேலுச்சாமியின் மனைவி எழுந்து நின்றது அப்போதுதான். அவள் சபையில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. “எங்க வீட்டுலயும் பெய்ஞ்சுச்சு” என்றாள் தலைவரைப் பார்த்து. “ஆவணியில நாலு தடவ. டேங்கு வழியுதுன்னு இவரு சொல்லச் சொன்னாரு.”

“டேங்குல ஏதுத்தா தண்ணி?” என்று கேட்டார் சண்முகவள்ளி.

வேலுச்சாமி வானத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, கீழத்தெருவில் ஒருத்தியும் காலனியில் இருவரும் தங்கள் வீட்டுக் கூரைகள் நனைந்த தேதிகளைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்திருக்கிறார்கள். ஆண்கள் பக்கத்தில் பலருக்குத் திடீரென்று வானத்தில் பார்க்க வேண்டிய வேலை வந்தது. இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டுமா என்று ஊராட்சிச் செயலர் மெல்லக் கேட்டார். எழுதச் சொன்னார் சண்முகவள்ளி. சிகிச்சை நடைபெறுகிறது என்று முடிக்கச் சொன்னார்.

சூடத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பஞ்சவர்ணம் எழுந்து, மூன்று கை இடத்தையும் கடந்து போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி?”

“அவரு சொல்லணும்னு இருந்தேன், அத்தே” என்றாள் நாகஜோதி. “நான் சொன்னா அது புகாரா ஆயிரும்.”

தீர்மானத்தின் நகலோடு சண்முகவள்ளி மேலே ஒரு மனு எழுதினார்: எங்கள் ஊரின் ஒரே நீராதாரம் குணமடைந்து வருவதால் மாற்று ஏற்பாடு தேவை. அதைப் படித்த அதிகாரிக்கு எந்த வழியில் மறுப்பதென்று தெரியாததால் வாரத்துக்கு மூன்று லாரித் தண்ணீருக்கு உத்தரவானது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பது பஸ்ஸில் நெடுங்கேந்தலிலிருந்து ஆறு இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் செல்போன் பழுதுபார்க்க, ஒருவன் ஆதார் அட்டையில் பிறந்த தேதி திருத்த, ஒருவன் அத்தை வீட்டுக்கு, இப்படி ஆறு பேருக்கும் ஆறு காரணங்கள். ஆறு பேரும் டாக்டர் ரஹ்மத்துல்லாவின் வாசலில் இறங்கினார்கள். ஏழாவதாக, எல்லோருக்கும் மூத்தவனாக, வேலுச்சாமி காரணம் எதுவும் சொல்லாமல் போனான். அவனுக்குச் சர்க்கரை இருந்தது அன்றுதான் தெரிந்தது.

தடை நீங்கிய பிறகு முதல் முறை தூறியது. அரைக்குடம்கூடத் தேறாது. சேதுபாண்டி அதை மறைக்காமல் டாக்டரிடம் போய்ச் சொன்னான். ஊர்க் குடமெல்லாம் நிறைந்ததற்கு அரைக்குடம் எவ்வளவோ தேவலை என்று அவர் சிறிய மாத்திரை ஒன்றை எழுதி, எந்தக் கிழமைகளில் என்றும் குறித்துக் கொடுத்தார். மறந்துபோகாமலிருக்க அவன் அந்தச் சீட்டை வால்வ் அறைக் கதவில் ஒட்டினான். ஆகவே கிழமை ஊருக்கும் தெரிந்துவிட்டது.

புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மேலத்தெருப் பெண்கள் குடங்களோடு வந்து குழாயடியில் நின்றார்கள். முந்தைய நாள்தான் லாரி வந்து போயிருந்தது, யார் வீட்டிலும் தண்ணீருக்குத் தட்டுப்பாடில்லை. ஆனாலும் வந்து நின்றார்கள். கிழக்கு வெளுத்தது. இருளாயி குனிந்து குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, வெளியே எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். புழுதி. அவள் கையை எல்லோருக்கும் காட்டினாள். ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இருளாயி நிமிர்ந்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அது முடிவதற்குள் தெருவே குலவை போட்டது, அந்தச் சத்தத்தில் மேல்நிலைத் தொட்டியின் புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஊரைச் சுற்றின.

உள்ளே சேதுபாண்டி போர்வையை விலக்கி, பாதித் தூக்கத்தில், வெளியே என்ன சத்தம் என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல” என்றாள் நாகஜோதி. “மழை பெய்யல.” சொல்லிவிட்டுப் போர்வையின் தன் பங்கை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தாள்.